மறுபடி உருக்கிய மீன்கள்

ஜனவரி 9

மாப்பிள்ளைக்கு,

நான் நலம். உங்கள் உடம்பும் நன்றாக இருக்கும் என்று நம்புகிறேன். நீங்கள் செய்து கொடுத்த கீழ்வரிசைப் பல் செட் கச்சிதமாக உட்கார்ந்திருக்கிறது. ரொட்டியின் ஓரத்தைக்கூட இப்போது ஒதுக்குவதில்லை. அந்த ஒரு விஷயத்தில் உங்களைக் குறை சொல்ல வழியில்லை. மற்ற விஷயங்களுக்காகவே இந்தக் கடிதம்.

வெள்ளிக்கிழமை மாலை சிட்டு ஒரு பெட்டியோடு வந்து நின்றாள். எத்தனை நாள் இருக்கப்போகிறாள் என்று கேட்டேன்.

"தெரியலம்மா."

"சண்டையா?"

"சண்டை போடறதுக்கு எதிர்ல ஆள் வேணுமே. அவர் மீனுக்குக் கண்ணு வச்சிட்டிருக்கார்."

துருவிக் கேட்டு அறிந்தது இவ்வளவுதான்: வேலை முடிந்து வந்ததும் சமையலறை அடுப்பில் பிளாஸ்டிக்கைக் காய்ச்சுகிறீர்கள், அதைச் சின்னச் சின்ன மீனாக வார்த்து, இரவெல்லாம் வர்ணம் அடிக்கிறீர்கள். நகரத்தின் பெரிய பல் மருத்துவர்களுக்கெல்லாம் பல் செட் செய்து கொடுக்கும் பொறுப்பான மனிதர் நீங்கள். பொம்மை மீனுக்காகவா மனைவி வீட்டை விட்டுப் போகவேண்டும்?

அவள் வந்ததிலிருந்து பக்கத்து வீட்டு வங்கி அதிகாரியின் மனைவி சர்க்கரை கடன் கேட்டு அடிக்கடி வருகிறார். அந்த வீட்டில் எல்லோருக்கும் சர்க்கரை நோய். என் மகளைப் பற்றி அடுத்த வீட்டு வரவேற்பறையில் பேசுவதை நான் அனுமதிக்க முடியாது.

ஆகவே இந்த மாதக் கடைசிக்குள் அந்தச் சாமான்களை மூட்டை கட்டிப் போட்டுவிட்டு, நேரில் வந்து முறையாக அழைத்துக்கொண்டு போங்கள். போன் செய்யவேண்டாம். போனில் எனக்குக் கோபம் முந்திக்கொள்கிறது. காகிதத்தில் அது வரிசையில் நிற்கும்.

ஆசிகளுடன்,
அத்தை

*

ஜனவரி 15

மதிப்பிற்குரிய அத்தைக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் வந்தது. எனக்கு ஒன்றும் இல்லை. என் சமையலை நானே சாப்பிடுவதால் கொஞ்சம் இளைத்திருக்கிறேன். பல் செட் ஈறில் எங்காவது உரசினால் உடனே எழுதுங்கள், நீங்களே அரம் வைத்துத் தேய்த்துவிடாதீர்கள்.

அது பொம்மை இல்லை அத்தை. தூண்டில்காரர்கள் அதை ரப்பர் மீன் என்பார்கள். முள்ளை அதன் வயிற்றுக்குள் மறைத்துத் தண்ணீரில் இழுத்தால் வால் ஆடும். பெரிய மீன் அதை உயிருள்ள சின்ன மீன் என்று நம்பிக் கவ்வும். இங்கே படகுத்துறைக்குப் பக்கத்தில் தூண்டில் கடை வைத்திருக்கிற அம்மா, நான் வேலை பார்க்கும் பல் கூடத்துக்குப் பல் செட் எடுக்க வந்தார். ஈறுக்கு நான் போட்ட நிறத்தைக் கண்ணாடியில் பார்த்துவிட்டு, பையிலிருந்து ஒரு கிழிந்த ரப்பர் மீனை எடுத்து, "இதுக்கும் கொஞ்சம் கலர் போடுங்களேன்" என்றார். அப்படி ஆரம்பித்தது. நான் இதுவரை தூண்டில் போட்டதே கிடையாது. படகைப் பார்த்தாலே தலை சுற்றும்.

சிட்டு ஏன் போனாள் என்று எனக்கு விளங்கவில்லை. கேட்டால், "உங்களுக்கே தெரியும்" என்றாள். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். அதற்கு முந்தின நாள் கடைக்காரம்மாவுக்கான ஒரு பெட்டி மீன் தயாராகி மேசைமேல் இருந்தது. காலையில் கொடுக்கவேண்டியது. கடைசியாக ஒருமுறை பார்த்தேன். முதுகுக் கோடு வலப்பக்கம் தடிப்பாகவும் இடப்பக்கம் மெலிசாகவும் இருந்தது. அதைப் பார்த்த பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. எல்லாவற்றையும் நறுக்கி மறுபடி உருக்கிவிட்டேன். புகை வந்தது உண்மை. அவள் எழுந்து வந்து ஜன்னலைத் திறந்தாள். காலையில் துணிப்பெட்டியோடு நின்றாள்.

ஆகவே புகைதான் காரணம் என்று நினைக்கிறேன். அடுப்பை மொட்டைமாடிக்கு மாற்றிவிட்டேன். அவளிடம் தயவுசெய்து சொல்லுங்கள்.

நீங்களே பார்க்கட்டும் என்று ஒரு மீனை உறைக்குள் வைத்திருக்கிறேன்.

பணிவுடன்,
மாப்பிள்ளை

*

ஜனவரி 24

மாப்பிள்ளைக்கு,

இங்கு எல்லோரும் நலம். எனக்கு முழங்கால் வலி மட்டும், அது குளிர் போனால் போய்விடும்.

அடுப்பு மாடிக்குப் போனதைச் சிட்டுவிடம் சொன்னேன். "சரி" என்றாள். எதற்குச் சரி என்று சொல்லவில்லை. நீங்கள் அனுப்பிய மீனைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "நல்லாத்தானே இருக்கு" என்று உறைக்குள் திருப்பி வைத்தாள்.

நன்றாகத்தானே இருக்கிறது என்பது ஒரு பதில் அல்ல. சிறுவயதிலிருந்து அவளிடம் சொல்லி வருகிறேன். கான்வென்டில் எங்களுக்கு ஓவியம் கற்பித்த சிஸ்டர் ஒரு இலையைப் பதினைந்து முறை வரையச் சொல்வார். பதினாறாவதைத்தான் ஏறெடுத்துப் பார்ப்பார். ஆகவே மீனை நானே பார்த்தேன். உள்ளதைச் சொல்கிறேன், வருத்தப்படவேண்டாம்.

முதலாவது, நீங்கள் உயிருள்ள மீனைக் கிட்டத்தில் பார்த்ததே இல்லை. முதுகும் வயிறும் ஒரே பச்சை. மேலே இருட்டு, கீழே வெளுப்பு. மீன் தண்ணீரில் ஒளிந்துகொள்வதே அப்படித்தான். இரண்டாவது, கண் நடுத்தலையில் இருக்கிறது. அது மீனின் கண் அல்ல, பல் கூடத்தில் நான் பார்த்த உங்கள் முதலாளியின் கண். மூன்றாவது, வாலை வளைத்தேன். வர்ணம் பொருக்குப் பொருக்காக என் புடவையில் உதிர்ந்தது. கழுவினால் போகும் என்று நம்புகிறேன்.

ஒரு வேலையைச் செய்யாமலே இருக்கலாம். செய்தால் இப்படிச் செய்யக்கூடாது. நீங்கள் எப்போது வருகிறீர்கள் என்றும் எழுதவும்.

ஆசிகளுடன்,
அத்தை

*

பிப்ரவரி 2

அத்தைக்கு,

வணக்கம். முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள். இங்கே நான் சௌக்கியம். தூக்கம்தான் இல்லை.

இந்த ஆறு மாதத்தில் யாரும் என் மீனை இப்படிப் பார்த்துச் சொன்னதில்லை. சிட்டு எப்போதும் "நல்லாயிருக்கு, குடுத்துடுங்க" என்பாள். நன்றாக இல்லை என்று எனக்கு உள்ளுக்குள் தெரியும். எங்கே என்றுதான் தெரியாது. கண்! நீங்கள் எழுதியதைப் படித்தபின் கூடத்தில் முதலாளி முகத்தை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

வர்ணம்தான் என் உயிரை வாங்குகிறது. சுவர் வர்ணம் உரிகிறது. நகப்பூச்சு ஒருபோதும் காய்வதில்லை. ஒரு வாரம் கழித்துத் தொட்டாலும் விரலில் பிசுபிசுவென்று ஒட்டுகிறது. மை பேனாவால் கோடு போட்டால் அன்று அழகாக இருக்கிறது, நாலாம் நாள் கோடு சதைக்குள் ஊறிப் பரவிச் கன்றிப்போன காயம் மாதிரி ஆகிவிடுகிறது. இந்த மென்மையான பிளாஸ்டிக் எதையும் ஏற்றுக்கொள்வதில்லை. ஏற்றுக்கொண்டால் எல்லைக்குள் நிற்பதில்லை. பல்லுக்கு நிறம் போடுகிற எனக்கு இது அவமானம். கார் இருக்கைக்குப் பூசுகிற சாயத்தைச் சொல்லியிருக்கிறார்கள். அது பிளாஸ்டிக்கோடு சேர்ந்து வளையுமாம். வாங்கியிருக்கிறேன்.

இத்துடன் ஒரு டஜன் மீன் பொட்டலமாக அனுப்புகிறேன். ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதம். எது தேறும், எது தேறாது என்று நீங்கள் சொல்லவேண்டும்.

நான் வருவது பற்றி: இந்தச் சாயத்தைப் பரிசோதித்துவிட்டு வருகிறேன். சிட்டுவிடம் சொல்லுங்கள்.

பணிவுடன்,
மாப்பிள்ளை

*

பிப்ரவரி 4

அத்தைக்கு,

அவசரமாக இந்தத் தபால் அட்டை. பொட்டலத்தைப் பிரித்ததும் மீன்களைப் பீங்கான் தட்டில் வையுங்கள். வார்னிஷ் போட்ட மரத்தில் வைக்கவே வைக்காதீர்கள். அதிலிருக்கும் எண்ணெய் வார்னிஷைத் தின்றுவிடும். சொல்ல மறந்துவிட்டேன். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மாப்பிள்ளை

*

பிப்ரவரி 11

மாப்பிள்ளைக்கு,

பொட்டலம் வியாழக்கிழமை வந்தது. தபால் அட்டை சனிக்கிழமை வந்தது. நடுவில் வெள்ளிக்கிழமை என்று ஒன்று இருப்பது உங்களுக்கு நினைவில்லை போலும்.

மீன்களைப் பெரியதிலிருந்து சிறியதுவரை வரிசையாகச் சாப்பாட்டு மேசைமேல் அடுக்கி, தூசு விழாமல் துணியால் மூடி வைத்திருந்தேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் எடுத்தால் வரவில்லை. பிய்த்து எடுத்தேன். வார்னிஷும் கூடவே வந்தது. உங்கள் மாமனார் பார்த்துப் பார்த்து வாங்கிய மேசை. சூடான பாத்திரம் அதன்மேல் பட்டதில்லை. இப்போது அதில் பன்னிரண்டு மீன் நீந்துகிறது.

உங்களைத் திட்டி முழுதாக இரண்டு பக்கம் எழுதினேன். அதை அனுப்பவில்லை. காரணம், தடம் எவ்வளவு ஆழம் என்று பார்க்கப் பூதக்கண்ணாடியை எடுத்துவந்து குனிந்தபோது வேறொன்று தெரிந்தது. நிறமும் கண்ணும் இல்லாமல் வெறும் உருவம் மட்டும் பதிந்திருந்ததால்தான் தெரிந்தது. உங்கள் மீனுக்கு அகலம் நடுவயிற்றில் இருக்கிறது. மீனுக்குத் தோள் உண்டு, மாப்பிள்ளை. தலைக்கு அடுத்தாற்போல்தான் அது மிக அகலம், அங்கிருந்து வாலுக்குச் சரிந்து ஒடுங்கவேண்டும். நீங்கள் வார்ப்பது ஒரு வெள்ளரிக்காய். அச்சையே மாற்றுங்கள்.

அடுத்தது செதில். பேனாவால் ஒவ்வொன்றாகப் போடுவது மடத்தனம். இத்துடன் என் கொண்டை வலை ஒன்று வைத்திருக்கிறேன், புதியது. அதை மீனின்மேல் இழுத்துக் கட்டுங்கள். தோள் பக்கம் இழுத்தால் கண்ணி பெரிதாகும், வால் பக்கம் தளர்த்தினால் சிறிதாகும். செதிலும் அப்படித்தானே? அதன்மேல் வர்ணத்தைத் தெளித்துவிட்டு வலையை உரித்து எடுங்கள். பிசிறில்லாமல் வரும்.

மேசைமேல் ஒரு விரிப்பு போட்டிருக்கிறேன். உங்கள் கடிதத்தைச் சாப்பிடும்போது சிட்டுவுக்கு வாசித்துக் காட்டினேன். நகப்பூச்சு வரை கேட்டாள். பிறகு பாத்திரம் கழுவப் போய்விட்டாள்.

ஆசிகளுடன்,
அத்தை

*

மார்ச் 1

அத்தைக்கு,

வணக்கம். பதில் தாமதமாகிவிட்டது. மேசைக்கு என்ன சொல்வது என்றே தெரியாமல் பல நாள் பேனாவைத் திறந்து மூடினேன். நல்ல பாலிஷ்காரர் ஒருவரை அனுப்புகிறேன். முழங்கால் எப்படி இருக்கிறது?

அச்சைப் புதிதாகச் செய்தேன். தோள் வைத்தேன். வலையைக் கட்டித் தெளித்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு உரித்தேன். அத்தை, அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். செதில் செதிலாக, தோளில் பெரிதும் வாலில் பொடியுமாக, நேற்றுத்தான் தண்ணீரிலிருந்து எடுத்தது மாதிரி. கார் இருக்கைச் சாயமும் உரியவில்லை. வாலை முடிச்சுப் போட்டுக்கூடப் பார்த்தேன்.

அந்த சந்தோஷத்தில் புத்தி கெட்டுப் போனேன். சிவப்பு வயிற்று மீனையும் வெள்ளை மீனையும் ஒரே டப்பாவில் போட்டு மூடிவிட்டேன். நாலு நாள் கழித்துத் திறந்தால் சிவப்பு ஊறி, வெள்ளை மீன் அத்தனையும் இளஞ்சிவப்பு. சரியாக ஈறு நிறம்! எங்கள் கூடத்தில் நாள் முழுக்கப் பார்க்கிற நிறம். பல்லைச் செருகினால் யார் வாயிலாவது மாட்டிவிடலாம். ஒன்றையும் மிச்சம் வைக்காமல் மறுபடி உருக்கிவிட்டேன்.

அன்றைக்குப் பார்த்துக் கடைக்காரம்மா வந்தார். "ஏங்க, மீன் வருமா, இல்ல நானே தண்ணிக்குள்ள எறங்கித் தேடட்டுமா?" என்று வாசலிலேயே நின்று கேட்டார். அடுத்த வாரம் என்று சொல்லி அனுப்பினேன். "போன தடவையும் உங்க வீட்டம்மா அப்படித்தான் சொல்லுச்சு. பாவம், அதுக்கு என் முகத்தைப் பாக்கவே கூச்சம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வலை போட்டதில் முதலில் வந்த சிலவற்றை அனுப்பியிருக்கிறேன். பீங்கான் தட்டு!

சிட்டு ஏதாவது சொன்னாளா?

பணிவுடன்,
மாப்பிள்ளை

*

மார்ச் 10

மாப்பிள்ளைக்கு,

நலம். முழங்கால் தேவலை. உங்கள் தூக்கம் எப்படி?

வலை மீன்கள் வந்தன. தட்டில்தான் வைத்தேன். முன்னேற்றம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் செவுளுக்குப் பின்னால் நீங்கள் வைத்த கரும்புள்ளி ஒரு மீனில் மேலேயும் ஒரு மீனில் கீழேயும் இருக்கிறது. இரண்டின் கண்கள் ஒன்றையொன்று முறைக்கின்றன. வயிற்று வெள்ளையில் தூரிகை மயிர் ஒன்று ஒட்டிக்கொண்டு உலர்ந்திருக்கிறது. பொட்டலத்தில் ஒன்றும் தேறவில்லை. முன்பு அனுப்பிய டஜனோடு சேர்த்து இவற்றையும் தகர டப்பாவில் ஒதுக்கி வைத்தேன்.

ஈறு நிற மீன்களை உருக்கியது சரியான முடிவு. அரைகுறையை வெளியே அனுப்புகிறவர் பிறகு அதை எங்கே கண்டாலும் தலைகுனியவேண்டும். கடைக்காரம்மா காத்திருக்கட்டும். நல்ல பொருளுக்கு எவரும் காத்திருப்பார்கள். அடுத்த வார்ப்பில் வயிற்றை வெள்ளையாக விடாமல் ஒரு துளி மஞ்சள் கலந்து பாருங்கள். சிறு மீன் வயிறு காகித வெள்ளை அல்ல, பாலாடையின் நிறம். முதுகுப் பச்சையிலும் கொஞ்சம் பழுப்பு வேண்டும். இல்லாவிட்டால் கிளி மாதிரி இருக்கிறது.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது சிட்டு பெட்டியோடு வெளியே வந்தாள்.

"எங்க கிளம்பிட்ட?"

"வேலை இருக்கும்மா."

"வீட்டுக்கா?"

"அந்த ஊருக்குத்தான்."

ஆகவே உங்கள் வீட்டுக்குத்தான் வருகிறாள். நல்லபடியாக முடிந்தது. மாடியிலேயே அடுப்பு இருக்கட்டும். பக்கத்து வீட்டு அம்மாளுக்குச் சர்க்கரை கொடுக்கும் வேலையும் இனி இல்லை. மஞ்சள் கலந்தது எப்படி வந்தது என்று எழுதவும்.

ஆசிகளுடன்,
அத்தை

*

மார்ச் 15

அத்தைக்கு,

சிட்டு இங்கு வரவில்லை. பயப்படாதீர்கள். உங்கள் கடிதம் கிடைத்ததும் போன் செய்தேன். எடுத்தாள். "நல்லாத்தான் இருக்கேன். ரெண்டு பேருக்கும் கடுதாசி போட்டிருக்கேன், வரும்" என்று சொல்லி வைத்துவிட்டாள். பின்னால் ஆட்கள் விலை கேட்கும் சத்தம் கேட்டது.

மஞ்சள் கலக்கவில்லை.

மாப்பிள்ளை

*

மார்ச் 13

அம்மாவுக்கு,

நான் சௌக்கியம். நீங்களும் அப்படியே இருக்கவேண்டும். இதே கடிதத்தை அவருக்கும் அனுப்புகிறேன். உங்கள் இரண்டு பேருக்கும் தனித்தனியாக யோசித்து எழுத எனக்கு நேரமில்லை. கடையில் கூட்டம்.

தூண்டில் கடையில்தான் வேலைக்குச் சேர்ந்திருக்கிறேன். மாடியில் ஒரு அறை கொடுத்திருக்கிறார் கடைக்காரம்மா. ஜன்னலைத் திறந்தால் படகுகள். நன்றாக இருக்கிறது.

நான் புகைக்காக வீட்டை விட்டு வரவில்லை. மூன்று முறை கடைக்காரம்மாவிடம் "நாளைக்கு மீன் வந்துடும்" என்று நான் வாக்குக் கொடுத்தேன். மூன்று முறையும் கொடுக்கவேண்டிய நாளுக்கு முந்தின நாள் அவர் எல்லாவற்றையும் உருக்கினார். டப்பாவுக்குச் சீட்டு ஒட்டியது நான், நூல் கட்டியது நான், மறுநாள் காலையில் வெறுங்கையோடு போய் நின்றதும் நான். மூன்றாவது முறை கடைக்காரம்மா கோபப்படவில்லை. "நீ என்னம்மா பண்ணுவே" என்றார். அதைவிடத் திட்டியிருக்கலாம். அதை வீட்டில் அவரிடம் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். சொன்னேன். "இன்னும் ஒரே ஒரு தடவை" என்றார். மீனைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னார்.

அம்மாவாவது அவரைக் கேட்பீர்கள் என்று வந்தேன். நீங்கள் கேட்டீர்கள், செதில் ஏன் ஒரே அளவு என்று. என் பெயர் உங்கள் கடிதங்களில் சுருங்கிச் சுருங்கி எங்கே போயிற்று என்று பார்த்தீர்களா? எழுதுவதை வாய்விட்டுப் படித்துக்கொண்டே எழுதுவது உங்கள் பழக்கம். உருக்கியது சரியான முடிவு என்று நீங்கள் எழுதியபோது நான் பக்கத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். கடைக்காரம்மா காத்திருக்கட்டும் என்று எழுதியதும் கேட்டது. கையைக் கழுவிக்கொண்டு பெட்டியை எடுத்தேன்.

வந்த அன்று ஈரத் துண்டை அந்த மேசைமேல் வைத்தேன் என்று இரண்டு நாள் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அதே மேசையில் அவருடைய மீன் பதிந்ததற்குப் பூதக்கண்ணாடி கொண்டுவந்தீர்கள். நீங்கள் இரண்டு பேரும் ஒன்றாகப் பிறந்திருக்கவேண்டியவர்கள். நடுவில் நான் எதற்கு?

தகர டப்பாவிலிருந்த மீன்களை நான்தான் எடுத்து வந்தேன். கடையில் தொங்கவிட்டேன். முதல் நாளே ஒருவர் கையில் எடுத்து உருட்டி உருட்டிப் பார்த்தார்.

"என்னம்மா இது, ஒரு கண்ணு மேல பாக்குது, ஒரு கண்ணு கீழ பாக்குது?"

"அது உங்களையா பாக்கணும்? வாங்கறீங்களா, வச்சிடறீங்களா?"

"சரி, ரெண்டு குடு."

ஒருவர் மறுநாளே திரும்பி வந்து, சாயம் உரிந்துவிட்டது என்று சத்தம் போட்டார். வேறொன்று கொடுத்தேன், போனார். அவ்வளவுதான் நடந்தது. யாரும் செத்துப்போகவில்லை.

வீட்டுக்கு வருவாயா என்று அவர் கேட்பார். ஒரு பெட்டி மீனை உருக்காமல் கொண்டுவந்து என் கையில் கொடுக்கட்டும். கொடுத்த பிறகு திருப்பிக் கேட்கக்கூடாது. அப்புறம் வருகிறேன்.

உங்களிடம் என்ன கேட்பது என்று தெரியவில்லை அம்மா. இரத்தக்கொதிப்பு மாத்திரை தீர்ந்திருக்கும், வாங்கிக்கொள்ளுங்கள்.

சிட்டு

*

ஏப்ரல் 22

அத்தைக்கு,

வணக்கம். உங்களிடமிருந்து ஒரு மாதத்துக்கு மேலாகக் கடிதம் இல்லை. உடம்பு எப்படி இருக்கிறது என்று ஒரு வரியாவது எழுதுங்கள்.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். ஒரு பெட்டி செய்து முடித்தேன். எடுத்துக்கொண்டு கடைத்தெரு முனை வரை போனேன். மூடியைத் திறந்து பார்த்தேன். ஒன்றின் வாலில் காற்றுக் குமிழி. திரும்பி வந்து உருக்கிவிட்டேன். அடுப்பு எரியும்போதே தெரிந்தது, நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்று. ஆனால் கை நிற்கவில்லை. பல் கூடத்தில் நான் எந்தச் செட்டையும் இப்படி வைத்துக்கொண்டு உட்கார்ந்ததில்லை. ஏனென்றால் முதலாளி என் கையிலிருந்து பிடுங்கி அனுப்பிவிடுவார். வீட்டில் பிடுங்க ஆளில்லை. இருந்த ஒருத்தியும் பிடுங்குகிறவள் அல்ல, சொல்கிறவள்.

போன திங்கட்கிழமை இன்னொரு பெட்டி. இம்முறை நூலால் சுற்றிச் சுற்றி முடிச்சுப் போட்டுக்கொண்டு போனேன். சிட்டு கவுன்ட்டரில் இருந்தாள். "வாங்க" என்று மற்ற வாடிக்கையாளரை அழைப்பதுபோலவே அழைத்தாள். பெட்டியை வைத்தேன். கத்தரிக்கோலால் முடிச்சை வெட்டி, ஒவ்வொன்றாக எடுத்துக் கொக்கியில் மாட்டினாள். நான் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஆனாலும் கண் போய்விட்டது. ஒரு மீனுக்குச் செவுளில் சிவப்புப் போட விட்டுப்போயிருந்தது. என் கை தானாக நீண்டது.

"கையை எடுங்க."

"சிட்டு, அந்த ஒண்ணு மட்டும். செவுள் விட்டுப்போச்சு."

"தெரியுது. கையை எடுங்க."

"அஞ்சு நிமிஷம். இங்கயே உக்காந்து போட்டுடறேன்."

உள்ளேயிருந்து கடைக்காரம்மா, "குடுத்துடும்மா, மனுஷன் அழுதுடப்போறாரு" என்றார்.

"அழட்டும்" என்றாள் சிட்டு.

கையை எடுத்தேன். அத்தை, படகைப் பார்க்கும்போதுகூட எனக்கு அப்படித் தலை சுற்றியதில்லை. அவள் அந்த மீனையும் மற்றதோடு மாட்டினாள்.

அன்று வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை துணிப்பெட்டியோடு வீட்டுக்கு வந்தாள். கடை வேலையை விடமாட்டாளாம். மாதம் ஒரு பெட்டி, தேதி அவள் சொல்வாள். அந்தச் செவுள் இல்லாத மீன் விற்றதா, இன்னும் தொங்குகிறதா என்று நான் கேட்கவில்லை. கேட்காமலிருப்பது தினமும் ஒரு வேலையாக இருக்கிறது.

உங்களுக்கு எழுதச் சொன்னேன். "அவங்க எழுதட்டும்" என்றாள். "என்கிட்ட. உங்ககிட்ட இல்ல" என்றாள்.

பணிவுடன்,
மாப்பிள்ளை

*

மே 6

சிட்டு,

இது ஐந்தாவது. முதலாவது உன்னைக் கண்டிப்பதுபோல் வந்தது, கிழித்தேன். இரண்டாவது நான் யாரிடமோ பிச்சை கேட்பதுபோல் இருந்தது. மூன்றாவது முழுக்க மேசையைப் பற்றியே போய்விட்டது. நான்காவது மிகவும் நன்றாக வந்தது. எவ்வளவு நன்றாக என்றால், வகுப்பில் எழுந்து நின்று படித்துக் காட்டலாம்போல் இருந்தது. அதில் நீ எங்குமே இல்லை. ஆகவே அதையும் கிழித்தேன். இதை யோசிக்காமல் எழுதுகிறேன், எங்கே போகிறதோ போகட்டும்.

மாத்திரை வாங்கிவிட்டேன்.

பக்கத்து வீட்டு அம்மாள் வந்தாள். இம்முறை காபித்தூள். "மக வீட்டுக்காரரோட போயிட்டாளா?" என்றாள். தூண்டில் கடையில் வேலை பார்க்கிறாள் என்றேன். "கடையிலயா!" என்று வாயைப் பொத்தினாள். ஆமாம், அவள் இருக்கிற இடத்தில் மாறுகண் மீன்கூட விற்றுவிடும் என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. காபித்தூளை வாங்காமலே போய்விட்டாள்.

உனக்கு என்ன எழுதவேண்டுமென்று உட்கார்ந்தால் எனக்கு மாப்பிள்ளைக்கு எழுதத்தான் கை வருகிறது. வயிற்றுக்கு மஞ்சள், முதுகுக்குப் பழுப்பு, எத்தனை பக்கமானாலும் வரும். உனக்கு எழுதினால் ஒரு வரிக்குமேல் கோணலாகத் தெரிகிறது. நீ பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்த நாட்களில் நான் ஒரு வார்த்தையாவது உன்னிடம் மீனைத் தவிர வேறு பேசியிருப்பேனா என்று யோசித்துப் பார்த்தேன். துண்டைப் பற்றிப் பேசியிருக்கிறேன்.

உன் அறையை அப்படியேதான் வைத்திருக்கிறேன். இல்லை, ஒன்றும் வைக்கவில்லை, கதவைச் சாத்தியிருக்கிறேன், அவ்வளவுதான். திறந்தால் பெருக்கவேண்டும் என்று தோன்றும். பெருக்கினால் நீ போட்டுவிட்டுப் போன பழைய சீப்பு குப்பைக்குப் போய்விடும்.

"வா" என்று எழுதினால் அதட்டுவதுபோல் இருக்கிறது. "வருவாயா" என்று எழுதினால் கெஞ்சுவதுபோல் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் ஒரு சொல் எனக்குக் கிடைக்கவில்லை, காலையிலிருந்து தேடுகிறேன். நீயே நடுவில் வைத்துப் படித்துக்கொள்.

இந்தப் பக்கத்தில் எத்தனை அடித்தல் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். மேலே போய்ப் பார்த்தால் இதுவும் கிழிந்துவிடும். தபால்காரர் எதிர்வீட்டு வாசலில் நிற்கிறார். ஓடிப்போய் அவர் கையில் கொடுத்துவிடுகிறேன், முழங்கால் என்னவோ ஆகட்டும்.

அம்மா